ஓத நேரம்

கடற்கரைக்கென்று அச்சடித்த படிவம்.
நாகப்பட்டினத்தில் மிஞ்சியதை
தர்மபுரி என்று முத்திரை குத்தி
எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.
இருநூற்றுப் பதினான்கு தாள்.
ஊட்டமலைத் துறையில், விடிந்தும் விடியாமலும்,
கவிழ்த்த பரிசலின் முதுகில் வைத்து
அதைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

படகின் வகை: பரிசல்.
குதிரைத்திறன்: மாதையனின் இரண்டு கை.
வலைக்கண் நாற்பது மில்லிமீட்டர் என்கிறார்.
அளந்தால் இருபத்தெட்டு.
நான் அவரைப் பார்க்கவில்லை,
அவர் என் அளவுகோலைப் பார்க்கவில்லை.

கெளுத்தி பதினொன்று.
ஜிலேபி, கூடைக்கு ஒரு குத்துமதிப்பு.
ஆரல் நான்கு.
ரோகு ஒன்று, வயிற்றுக்குக் கீழே பாதி இல்லை.
"நீர்நாய்" என்கிறார் மாதையன்,
பங்காளியைச் சொல்லும் குரலில்.
மொத்தப் பிடிப்பு என்ற கட்டத்தில்
தின்ற பாதியையும் சேர்ப்பதா?
யாரைக் கேட்பது இந்நேரம்.

ஒன்பதாவது கட்டம்: ஓத நேரம்.
"ஓதம்னா என்னம்மா?"
நிலாவுக்குக் கடல் ஏறும், இறங்கும் என்றேன்.
மூன்று நாள் பயிற்சியில்
முட்டிவரை சேற்றில் நின்று நானே கண்டது:
காலையில் நடந்த இடத்தில்
மத்தியானம் படகு போனது.
அவர் சிரித்தார்.
"இங்கயும் ஏறும். நிலா இல்ல,
மேல எவனோ ஷட்டரைத் தூக்கணும்.
ராத்திரி பிலிகுண்டுலுவுல பதினாறாயிரம் கன அடின்னா
விடிஞ்சா ஐந்தருவிப் பாறை தெரியாது.
மூடிட்டானா, மீனு குழியில கிடந்து துடிக்கும்."
அப்படியே எழுதினேன்.
கட்டம் சின்னது; கடைசி வரி
பத்தாவது கட்டத்துக்குள் ஒழுகியது.

பத்தாவது: அலையாத்தி மரங்கள், இனம் வாரியாக.
துறைக்குக் கீழே நீர்மருது நிற்கிறது,
வெளுத்த தோல் உரிந்து,
பாதி வேர் தண்ணீருக்குள்.
வேரிடுக்கில் குஞ்சு மீன்கள்,
ஒரு பீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு,
தலை முழுகியவர் யாரோ விட்டுப்போன வேட்டி.
கரையைப் பிடித்திருப்பது அந்த வேர்தான்.
அலை கிடையாது.
ஆற்ற வேண்டியது வேறு நிறைய.
நீர்மருது, நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
திருப்பி அனுப்புவார்கள். தெரியும்.

அப்போதுதான் சென்னம்மாள்
அலுமினிய அன்னக்கூடையின் மூடியைத் தூக்கினாள்.
விலாங்கு.
இரண்டு முறை வழுக்கி
மூன்றாம் முறை அளந்தேன்:
அறுபத்து மூன்று சென்டிமீட்டர்.
இது கடலில் பிறக்கிற மீன்.
கண்ணாடித் துரும்பு மாதிரி முகத்துவாரத்தில் நுழைந்து
எதிர்த்து எதிர்த்து ஏறி வரும் மீன்.
கல்லணை, முக்கொம்பு, வரிசையாய்க் கதவணைகள்,
அப்புறம் மேட்டூரின் சுவர்.
எந்தக் கசிவில்,
எந்த மழை ராத்திரியில் தரையோடு ஊர்ந்து?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

"முந்நூறு" என்றாள் சென்னம்மாள்.
"ஒசூர்க்காரங்க வண்டி ஒம்போதுக்கு வருது.
மிளகாய் தடவி வறுத்துக் குடுத்தா நானூறு."
என் நாள்கூலி நானூற்றைம்பது.
கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் நினைப்பு வந்தது,
எந்தப் பக்கம் விடுவது?
முட்டையிட அது கடலுக்குத்தான் போக வேண்டும்.
கீழே மேட்டூர், அதன் மின்சுழலிகள்.
மேலே கர்நாடகம்.
வாளி கனத்தது.
நீர்மருதின் வேரடியில் சாய்த்தேன்.
அது அவசரப்படவில்லை.
செருப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு
வேருக்குள் போனது.

"நாளைக்கும் என் வலைக்குத்தான் வரும்"
என்றார் மாதையன், துடுப்பைத் தோளில் போட்டபடி.
"அப்பவும் வாங்குவீங்களா?"

செலவு என்று ஒரு கட்டம் இருக்கிறது,
ஐஸ், டீசல் என்று பிரித்து.
முந்நூறை ஐஸில் எழுதினேன்.